ரோமானியக் கதைமாந்தருக்குப் பெயரிடுதல்

நேயர்களுக்கு வணக்கம். பண்டைய ரோமாபுரியைக் களமாகக் கொண்டு கதை எழுத முற்படுவோரில் பலர், செவிக்கு இனிய ஓர் ஒலியைத் தேர்ந்து அதன் இறுதியில் ‘அஸ்’ சேர்த்துவிட்டால் ரோமானியப் பெயர் அமைந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். ரோமானியரின் பெயரோ ஒருவருடைய குலத்தையும் குடியுரிமையையும், சில வேளைகளில் அவர் முன்பு யாரிடம் அடிமையாக இருந்தார் என்பதையும்கூடச் சொல்லிவிடும். ஆகையால் கதைமாந்தரின் சமூக நிலையை முடிவு செய்த பிறகே பெயரைத் தேட வேண்டும்.

குடியரசின் இறுதிக் காலத்தில் குடியுரிமை பெற்ற ஆணுக்கு இயற்பெயரும் குலப்பெயரும், பலருக்கு அவற்றோடு கிளைப்பெயரும் வழங்கின. இயற்பெயரில் கற்பனைக்கு இடமில்லை. மார்க்கஸ், லூசியஸ், காயஸ், பப்ளியஸ் என ஏறத்தாழ 18 பெயர்களே பெருவழக்கில் இருந்தன. அவற்றிலும் ஒவ்வொரு குலமும் சிலவற்றையே திரும்பத் திரும்ப இட்டுவந்தது. அரசனாக முயன்றான் என்ற குற்றச்சாட்டில் மார்க்கஸ் மான்லியஸ் கி.மு. 384இல் கொல்லப்பட்ட பின்னர், மான்லியஸ் குலத்தார் தம் பிள்ளைகளுக்கு மார்க்கஸ் என்று பெயரிடுவதையே கைவிட்டார்கள் என வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

எழுத்தாளருக்குச் சற்று உரிமை கிடைப்பது கிளைப்பெயரில்தான். அங்கே ரோமானியர் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை: சிசரோ என்பது கொண்டைக்கடலை, நாசோ பெருமூக்கன், ஸ்ட்ராபோ மாறுகண்ணன்.

பெண்களுக்குக் குலப்பெயரின் பெண்பால் வடிவமே பெயராக நின்றது. மார்க் அன்டனிக்கும் ஒக்டேவியாவுக்கும் பிறந்த மகள்கள் இருவருமே அன்டோனியா; மூத்தவள், இளையவள் என்ற அடைமொழியால்தான் அவர்களைப் பிரித்தறிந்தார்கள். கதாசிரியருக்கு இது தொல்லைதான். ஆயினும் இல்லாத பெயரைப் புனைவதைவிட, அந்தக் குழப்பத்தையே கதைக்குள் பயன்படுத்திக்கொள்வது நன்று என்பேன்.

விடுதலை பெற்ற அடிமை, எசமானரின் முதலிரு பெயர்களை ஏற்றுத் தன் பழைய பெயரை மூன்றாவதாக வைத்துக்கொள்வது வழக்கம்; சிசரோவின் செயலராக இருந்த டைரோ, மார்க்கஸ் துல்லியஸ் டைரோ ஆனது இவ்வாறே. முசிறிக்கு வரும் யவன வணிகனைப் படைக்க விரும்பும் நம் எழுத்தாளர்களுக்கு இது மிகவும் பயன்படும். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்து வணிகப் பாதையில், பப்ளியஸ் அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் அடிமையான லைசாஸ் கி.பி. 6இல் பாறையில் தன் பெயரைப் பொறித்துச் சென்றிருக்கிறான். அவன் விடுதலை பெற்றிருந்தால் பப்ளியஸ் அன்னியஸ் லைசாஸ் ஆகியிருப்பான். உங்கள் கதையில் மிளகு வாங்க வரும் முகவனுக்கு இத்தகைய பெயரைத் தயங்காமல் சூட்டலாம்.