நாய்ஸ்: வயிற்றிலிருந்து வந்த சொல்

(புதுச்சேரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

'நாய்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அது இங்கிலாந்துக்குப் போனதே பிரெஞ்சு வழியாகத்தான். இங்கே பிரெஞ்சு படித்தவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சத்தத்துக்குப் பிரெஞ்சில் என்ன? 'ப்ருயி' என்பீர்கள். சரி, 'நுவாஸ்' என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று? 'ஷெர்ஷே நுவாஸ்' என்ற தொடரில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. வம்புக்கு இழுப்பது என்று பொருள். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல் சண்டை, கூச்சல், அமளி எல்லாவற்றையும் குறித்தது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிறந்த வீட்டில் மங்கிப்போய், புகுந்த வீட்டில் கொடிகட்டிப் பறக்கிறது.

அதற்கும் பின்னால் போனால்தான் சுவாரசியம். பெரும்பாலான அகராதிகள் லத்தீன் 'நாசியா'வில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. தீங்கு என்று பொருள்படும் 'நோக்ஸியா'தான் மூலம் என்று வாதாடும் கட்சியும் உண்டு. நான் நாசியா கட்சி. டாக்டர்கள் இன்றைக்கும் நாசியா என்று சொல்வது அதே குமட்டலைத்தான். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே 'நௌஸ்' என்றால் கப்பல். ஆக, முதல் பொருள் கப்பலில் போகிறவனுக்கு வரும் குமட்டல். நம் 'நாவாய்' இங்கே சிலருக்கு ஞாபகம் வந்திருக்கும். அதுவும் கப்பல்தானே, இரண்டுக்கும் உறவு உண்டா என்ற விவாதத்தை இன்று தொடங்கினால் கூட்டமே நுவாஸ் ஆகிவிடும், வேண்டாம்.

தேங்காய்த்திட்டிலிருந்து விசைப்படகில் ஒருமுறை போய்ப் பாருங்கள். முகத்துவாரம் வரை சுகமாக இருக்கும். தாண்டியதும் அலை படகைத் தூக்கித் தூக்கிப் போடும். டீசல் புகையும் மீன் கவிச்சியும் சேர்ந்து அடிக்கும். வாயில் எச்சில் ஊறும், நெற்றி வியர்க்கும், அப்புறம் வயிற்றைப் பிரட்டும். பழக்கமில்லாத பத்துப் பேர் ஒன்றாக ஓங்கரித்தால் புலம்பலுக்கும் திட்டுக்கும் கேட்கவா வேண்டும்? குமட்டல் எரிச்சலாகி, எரிச்சல் சண்டையாகி, சண்டை சத்தமானது என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் காட்டும் வழி அப்போது நம்பும்படிதான் இருக்கும்.

ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு எப்போதும் கெட்ட பெயர் இருந்ததில்லை. 1611-இல் வந்த ஆங்கில பைபிளின் 100-ஆம் சங்கீதம் 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' எழுப்பச் சொல்கிறது. தமிழ் வேதாகமத்தில் அது 'கெம்பீரமாய்ப் பாடுங்கள்'. ஷேக்ஸ்பியர் காலத்தில் வாத்தியக் குழுவையே நாய்ஸ் என்பார்கள்.

இன்று நாம் அதை வேண்டாத ஒலி என்ற பொருளில்தான் சொல்கிறோம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே அலை பாறையில் மோதுகிற மோதலுக்கு யார் புகார் கொடுக்கிறார்கள்? காதோரம் ஒரு கொசு வந்தால் போதும், தூக்கம் போச்சு. ஒலியின் அளவைக் கருவி சொல்லும்; அது நாய்ஸா என்று சொல்ல வேண்டியது கேட்கிறவர். ஆனால் சட்டம் அப்படி விட முடியாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 என்று வரம்பு போட்டன. எண் வேண்டும்தான். ஆனால் 44 டெசிபலில் அடுத்த வீட்டு மோட்டார் விடிய விடிய ஓடினால் நிம்மதியாகத் தூங்குவீர்களா?

பொறியாளர்கள் இந்தச் சொல்லைக் காதிலிருந்தே கழற்றிவிட்டார்கள். 1920-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் என்பவர், மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அலைவதில் எழும் துளி மின்னழுத்தத்தை அளந்தார். அதற்கும் பெயர் நாய்ஸ். 1948-இல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டை எழுதியபோது, அனுப்பிய செய்தியை வழியில் கெடுப்பது நாய்ஸ் ஆயிற்று. ராத்திரி கடற்கரையில் போனில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக வருகிறதே, போட்டோக்காரர்கள் அதையும் நாய்ஸ் என்கிறார்கள். அங்கே சத்தம் ஏது?

கேள்வி இருந்தால் கேளுங்கள். நோக்ஸியா கட்சிக்காரர்கள் முதலில்.