கரடி வீட்டுக் கஞ்சியில் ஒரு கணக்குப் பிழை

[திரையில் மூன்று கிண்ணங்கள்: பெரியது, நடுத்தரமானது, சிறியது. மூன்றிலும் கஞ்சி.]

வணக்கம். இந்த மூன்று கிண்ணங்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா கரடியின் பெரிய கிண்ணத்தில் கஞ்சி நாக்கைச் சுடுகிறது. அம்மா கரடியின் நடுத்தரக் கிண்ணத்தில் ஆறிச் சில்லிட்டுக் கிடக்கிறது. குட்டிக் கரடியின் சின்னக் கிண்ணத்தில் மட்டும் பதமான சூடு. அழையாமல் வீட்டுக்குள் நுழைந்த சிறுமி மூன்றையும் ருசி பார்த்துவிட்டுக் குட்டியின் கஞ்சியைச் சொட்டு விடாமல் காலி செய்துவிட்டாள். கோல்டிலாக்ஸும் மூன்று கரடிகளும் என்ற இந்தக் கதை தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் இதில் ஒரு பெரிய பிழை இருக்கிறதே, கவனித்தீர்களா? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். நிறுத்த மாட்டீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, விடையை நானே சொல்கிறேன். கடைசிவரை காக்க வைக்காமல் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய தேவதைக் கதைகளைச் சிறுவர்களுக்காகக் கேலியும் குறும்புமாகத் திருப்பிச் சொல்கிறார்களே, அந்தக் கலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். ஓநாய் தன் தரப்பு நியாயத்தைச் சொல்வது, இளவரசியே டிராகனை மடக்குவது, அந்த வகை. சிலது ஏன் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறது, சிலது ஏன் ஈர விறகு மாதிரிப் புகைந்துகொண்டே இருக்கிறது?

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ ஒரு சிறிய தொகுப்பை வெளியிட்டார். சிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி, சிவப்புத் தொப்பிச் சிறுமி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 1812இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தங்கள் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார்கள். 1857 வரை ஏழு பதிப்புகளில் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். வரலாறு முடிந்தது. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

தவளை இளவரசன் கதையில் தவளையை இளவரசி முத்தமிடவே இல்லை, சுவரில்தான் ஓங்கி அடித்தாள் என்று அதிர்ச்சி கொடுக்கும் வீடியோக்களை இதற்குள் நாற்பதாவது பார்த்திருப்பீர்கள். கிரிம் கதையில் உள்ளபடியே அப்படித்தான் இருக்கிறது. நாற்பத்தொன்றாவதை நான் செய்யப்போவதில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பழைய கதைகள் எல்லாம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தன, சிரிப்பை நம் காலத்தவர்கள்தான் சேர்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரோவின் சிண்ட்ரெல்லாவைத் திறந்து பாருங்கள். பூசணிக்காய் வண்டியாகிறது, ஆறு சுண்டெலிகள் குதிரைகளாகின்றன, இதெல்லாம் தெரிந்ததுதான். வண்டியோட்டிக்கு ஆள் வேண்டுமே? எலிப்பொறியில் மூன்று பெரிய எலிகள் மாட்டியிருக்கின்றன. தேவதை அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதற்கு மீசை அருமையாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறாள். கோல் பட்டதும் அந்த எலி, யாரும் அதுவரை கண்டிராத அழகான மீசையுடன் ஒரு பருத்த வண்டியோட்டியாக நிமிர்ந்து நிற்கிறது! எழுதியவர் எழுதும்போதே சிரித்திருக்கிறார் என்று சத்தியம் செய்வேன்.

இன்னொன்று. தூங்கும் அழகி நூறு ஆண்டுகள் கழித்து எழுந்திருக்கிறாள். இளவரசன் கை கொடுத்துத் தூக்குகிறான். மகாராணி போல உடுத்தியிருக்கிறாள், கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் அந்த உடை நூறு ஆண்டுக்கு முந்தைய பாணி. கழுத்துப் பட்டி விறைத்துக்கொண்டு நிற்கிறது. பாட்டி காலத்து உடையாக இருக்கிறதே என்று இளவரசனுக்குத் தோன்றுகிறது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. இதுவும் பெரோ எழுதியதுதான், 1697இலேயே! விருந்தில் வாசிக்கிற இசைகூட நூறு ஆண்டுப் பழைய பாட்டு. இளவரசன் வாயை மூடிக்கொண்டானே, அந்த ஒரு விநாடிக்கு அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஆக, இந்தக் கதைகளைக் கேலி செய்வது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய வேலை என்று சொல்ல முடியாது. சிரிப்பு உள்ளேயே ஒளிந்திருந்தது.

[திரையில் ஒரு நாயின் படம். பின்னணியில் பூனையின் குரல்.]

சரி, குழந்தைகள் ஏன் சிரிக்கிறார்கள்? இதற்கு நான் படித்ததிலேயே நல்ல பதில் ரஷ்ய எழுத்தாளர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி சொன்னது. அவருடைய மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. ஒரு நாள் குறும்பும் கூச்சமுமாக அப்பாவிடம் வந்து, நாய் மியாவ் என்று கத்தும் என்று அறிவிக்கிறாள். சொல்லிவிட்டு, தானே செயற்கையாக ஒரு சிரிப்பும் சிரித்து, அப்பாவும் சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்க்கிறாள். அவர் முதலில் விவரமில்லாமல், இல்லையம்மா, நாய் குரைக்கும் என்று பாடம் நடத்துகிறார். அவள் விடுவதாக இல்லை, மறுபடியும் மியாவ். அப்போதுதான் அவருக்கு விளங்குகிறது. சேவலும் மியாவ் என்று அவரும் சேர்ந்துகொள்ள, வீடு அதிர்கிறது. அந்தப் பெண் தன் வாழ்க்கையின் முதல் நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லியிருக்கிறாள். நாய் எப்படிக் கத்தும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். தெரிந்த பிறகுதான் அதைத் தலைகீழாக்கி விளையாட முடிகிறது.

தேவதைக் கதையைக் கோணலாகச் சொல்லும்போதும் இதே சங்கதிதான். இத்தாலியில் ஜானி ரொடாரி 1962இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் குட்டிக் கதை ஒன்று உண்டு: தாத்தா சிவப்புத் தொப்பிக்குப் பதில் மஞ்சள் தொப்பி என்று ஆரம்பிப்பார், ஓநாயின் இடத்தில் ஒட்டகச்சிவிங்கியை நிறுத்துவார். பேத்தி ஒவ்வொரு வரியிலும், இல்லை தாத்தா, அப்படி இல்லை என்று திருத்திக்கொண்டே வருவாள். வீட்டில் எந்நேரமும் பெரியவர்களிடம் திருத்து வாங்கிக்கொண்டிருக்கிற குழந்தை, இங்கே பெரியவரைத் திருத்துகிறது. அந்த அதிகாரத்தின் ருசி இருக்கிறதே, மிட்டாய் தோற்றுவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அக்கா மகளுக்கு நான்கு வயதானபோது, ஓநாய் ஊதி ஊதியே வீட்டைத் தள்ளுமே, அந்த மூன்று பன்றிக்குட்டிகள் கதையை ஓநாயின் வாக்குமூலமாக நடித்துக் காட்டினேன். தும்மினேன், அழுதேன், தரையில் உருண்டேன். அவள் அசையவில்லை. எல்லாம் முடிந்ததும், "மாமா, இந்த ஓநாய் யார்?" என்று கேட்டாள். அவளுக்கு அசல் கதையே யாரும் சொல்லியிருக்கவில்லை. சுவரே இல்லாத இடத்தில் சித்திரம் எழுதியிருக்கிறேன்.

இப்போது வாருங்கள், கஞ்சிக்கு.

[மூன்று கிண்ணங்கள் மறுபடியும். ஆவி மேலே எழுகிறது.]

சூடு வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. சூடு தங்கியிருப்பது கஞ்சியின் அளவில். ஒரு கிண்ணத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகிறது. உள்ளே இருக்கிற கஞ்சியோ எட்டு மடங்கு. அதனால் பெரிய கிண்ணம் மெதுவாக ஆறும், சின்னக் கிண்ணம் சீக்கிரம் ஆறும். நியாயப்படி அப்பாவுடையது சூடு, அம்மாவுடையது பதம், குட்டியுடையது சில்லென்று இருக்க வேண்டும். கதையிலோ நடுக் கிண்ணம் கடைசிக் கிண்ணத்தை முந்திக்கொண்டு ஆறிவிட்டது. எப்படி?

யோசித்து யோசித்து இரண்டு இரவு தூக்கம் போனது. (மிகைப்படுத்துகிறேன். ஒன்றரை இரவு.) வாய்ப்பு ஒன்று: அம்மா கரடியின் பாத்திரம் கிண்ணமே அல்ல, அகலமான தட்டு. கஞ்சி மெல்லிசாகப் பரவி உடனே ஆறிவிட்டது. இது அறிவியலுக்குச் சரி, ஆனால் சுவாரஸ்யம் இல்லை. வாய்ப்பு இரண்டு: பரிமாறிய வரிசை. அம்மா கரடி இன்றைக்காவது சூடாகச் சாப்பிடுவோம் என்று தனக்கு முதலில் ஊற்றிக்கொள்கிறது. உட்காரப் போகும்போது அப்பா கரடி, என் கிண்ணம் எங்கே என்கிறது. அதை நிரப்பி வைத்துத் திரும்பினால் குட்டி கட்டிலுக்கு அடியில். பிடித்து இழுத்து, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார வைத்து, அதற்கும் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் தன்னுடையது பனிக்கட்டி. பெரியது பெரியதாக இருப்பதால் இன்னும் சுடுகிறது. சின்னது கடைசியில் ஊற்றியதால் பதமாக இருக்கிறது. கணக்குப் பைசா பிசகாமல் சரியாகிவிட்டது!

பார்த்தீர்களா, கதையில் இருந்த ஒரு ஓட்டையில் விரலை விட்டோம்; உள்ளேயிருந்து ஒரு முழுக் குடும்பமே வெளியே வந்துவிட்டது. கேலியாகத் திருப்பிச் சொல்வது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

இங்கேதான் எனக்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது. 1837இல் ராபர்ட் சவுதே என்ற ஆங்கிலக் கவிஞர் இந்தக் கதையை அச்சில் கொண்டுவந்தபோது, அம்மா கரடியே கிடையாது. பெரியது, நடுத்தரமானது, சின்னது என்று மூன்று ஆண் கரடிகள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. கஞ்சி ஆறட்டும், வாய் சுட்டுவிடக் கூடாது என்றுதான் காட்டுக்குள் உலாவப் போகின்றன. நடுக்கரடியுடையது எப்போதோ ஆறிவிட்டதே, அது எதற்காகப் போனது? துணைக்கு என்று வைத்துக்கொள்வோம்.

சிறுமியும் கிடையாது! வீட்டுக்குள் நுழைவது வாய் பொல்லாத ஒரு கிழவி. பெரிய கரடி பேசுகிற வசனத்தைப் பெரிய எழுத்திலும், சின்னக் கரடியின் வசனத்தைப் பொடி எழுத்திலும் அச்சடித்திருக்கிறார்கள். படிக்கிறவருக்குக் குரல் தானாக மாறும். கடைசியில் கிழவி ஜன்னல் வழியாகக் குதிக்கிறாள். விழுந்து கழுத்து முறிந்ததோ, காட்டில் வழி தவறினாளோ, காவலர் பிடித்து உள்ளே போட்டாரோ, என்னால் சொல்ல முடியாது என்று கதைசொல்லி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறார்.

அதற்கும் முன்பு, 1831இல், எலனோர் மியூர் என்ற பெண்மணி தன் உடன்பிறந்தவரின் மகனுடைய பிறந்தநாளுக்காகக் கையால் எழுதிப் படம் வரைந்து கொடுத்த கதையில், கரடிகள் கிழவியை நெருப்பில் போடுகின்றன, எரியவில்லை. தண்ணீரில் போடுகின்றன, மூழ்கவில்லை. கடைசியில் லண்டன் தூய பவுல் தேவாலயத்தின் கோபுர உச்சிக்கே தூக்கி எறிந்துவிடுகின்றன. பிறந்தநாள் வாழ்த்துகள், தம்பி.

கிழவி எப்போது சிறுமியானாள்? சவுதே வெளியிட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள். ஜோசப் கண்டால் என்பவர், கிழவிகளைப் பற்றித்தான் ஏற்கெனவே ஏகப்பட்ட கதைகள் இருக்கின்றனவே என்று காரணம் சொல்லிவிட்டு, வெள்ளிக் கூந்தல் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்தார். கூந்தல் பிறகு தங்கமானது. கோல்டிலாக்ஸ் என்ற பெயர் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். வயதானவர்கள் இளமை திரும்ப என்னென்னவோ செய்கிறார்கள்; இந்தக் கிழவி சும்மா படுத்துத் தூங்கியே அறுபது வயது குறைந்துவிட்டாள்.

சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் இந்த இடத்தில் செய்துவிடுங்கள். கிழவிக்காகவாவது.

நம் காலத்து மறுகதைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். கஞ்சியே நேரத்தைக் குடித்துவிட்டது. 1982இல் ரோல்ட் டால் எழுதிய பாட்டில் சிவப்புத் தொப்பிச் சிறுமி ஓநாயைச் சுட்டுவிட்டு அதன் தோலையே கோட்டாகப் போட்டுக்கொண்டு வருகிறாள். 1989இல் ஜான் ஷெஸ்கா எழுதிய கதையில் மூன்று பன்றிக்குட்டிகளின் ஓநாய், எனக்குச் சளி, ஒரு கோப்பைச் சர்க்கரை கடன் கேட்கப் போனேன், தும்மினேன், வீடு விழுந்துவிட்டது என்று வழக்காடுகிறது. நூலகத்தில் கிடைத்தால் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அசலை முதலில் சொல்லிவிட்டு.

ஒரு புகாரும் உண்டு. ஓநாய் கையில் ஒரு செல்போனைக் கொடுத்து, பாட்டியை இணையத்தில் உலவவிட்டு, இதுதான் புதுமை என்று சொல்கிற கதைகள் ஏராளமாக வந்துகொண்டிருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. செல்போனைப் பிடுங்கிவிட்டால் அதே பழைய கதை அப்படியே கிடக்கிறது. பொருளை மாற்றியிருக்கிறார்கள், கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதில் குழந்தைகள் கெட்டிக்காரர்கள். ஓநாயின் வயிற்றுக்குள் பாட்டிக்கு இருட்டாக இருக்காதா என்று ஒரு குழந்தை கேட்டால், அதுவே பத்துப் பக்கத்துக்குத் தாங்கும்.

[திரையில் ஒரு கண்ணாடிச் செருப்பு.]

போவதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். சிண்ட்ரெல்லா கதையில் இரவு பன்னிரண்டு மணிக்கு எல்லாம் பழையபடி மாறுகிறது. செருப்பு மட்டும் ஏன் மாறவில்லை? இதற்கு நான் பெரோவையே துணைக்கு அழைப்பேன்: வண்டியும் உடையும் உருமாறியவை, செருப்பைத் தேவதை கையில் எடுத்துக் கொடுக்கிறாள். கொடுத்த பொருள் கொடுத்ததுதான். அடுத்த கேள்விதான் கடினம். நாடு முழுக்கத் தேடியும் வேறு எந்தக் காலிலும் நுழையாத, அவள் காலுக்கு அச்சாகப் பொருந்திய செருப்பு, அவள் காலிலிருந்து எப்படிக் கழன்று விழுந்தது?

கிரிம் சகோதரர்களின் கதையில் இதற்கு விடை இருக்கிறது. அவள் மூன்றாம் இரவும் ஓடிப்போய்விடக் கூடாது என்று இளவரசன் அரண்மனைப் படிக்கட்டு முழுவதும் தார் பூசி வைத்துவிடுகிறான். செருப்பு அதில் ஒட்டிக்கொண்டது. அருமையான ஏற்பாடு. அன்றிரவு அதே படிக்கட்டு வழியாகத்தான் மற்ற விருந்தாளிகள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். காலையில் அங்கே எத்தனை செருப்புகள் கிடந்தன, அவற்றைப் பிய்த்தெடுத்து உரியவர்களிடம் சேர்த்தது யார், அந்தத் தாரைச் சுரண்டியது யார்? அந்த வேலைக்காரரின் வாயால் கதையைத் தொடங்கி எழுதி, கீழே பின்னூட்டத்தில் போடுங்கள்.