கியர் லிவர் ஆடுகிறதா? கியர்பாக்ஸைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம். பைக்கில் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குத் தூக்குகிறீர்கள், கியர் விழவில்லை, இன்ஜின் மட்டும் சும்மா உறுமுகிறது. கியர்பாக்ஸ் போச்சு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். காலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இருக்கிறது, லிங்க் ராடு. முதலில் அதைப் பார்ப்போம். (சில வண்டிகளில் ராடே கிடையாது, லிவர் நேராக கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டில் மாட்டியிருக்கும். அவர்கள் ஸ்ப்ளைன், அதாவது ஷாஃப்டைச் சுற்றியுள்ள பற்கள், பற்றிய பகுதிக்குத் தாவிவிடலாம்.)

இன்ஜினை அணைத்துவிட்டு, லிவர் நுனியை இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலும் கீழும் ஆட்டுங்கள். மறு கையின் கட்டைவிரலை ஒவ்வொரு மூட்டின் மேலும் வைத்துப் பாருங்கள், எது தேய்ந்திருக்கிறதோ அது விரலுக்கடியில் டக் டக் என்று தட்டும். லிவர் சுழலும் புஷ் எனும் வளையம், ராடின் இரு முனையிலும் உள்ள பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு), ஷாஃப்டைக் கவ்வும் குட்டைக் கை, இவ்வளவுதான் சந்தேகப்பட வேண்டிய இடங்கள். அந்தக் கை குட்டை, லிவர் நீளம், அதனால் மூட்டில் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலே கால் நுனியில் அது பல மடங்காகத் தெரியும்.

சரி, கழற்றலாம். குட்டைக் கை ஷாஃப்டில் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயின்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கையை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் கை பெரும்பாலும் வராது, அந்த போல்ட் ஷாஃப்டில் உள்ள பள்ளத்தில் குறுக்கே படுத்திருக்கும், முழுசாக உருவ வேண்டும். வரவில்லையே என்று சுத்தியலை எடுக்காதீர்கள்.

ராடில் ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை (வழக்கத்துக்கு எதிர்ப்புறம் திருகினால்தான் இறுகும்). இது தெரியாமல் முதல் தடவை ஸ்பேனரில் தொங்கி, ஜாயின்ட் தளராமல் பூட்டும் லாக் நட்டை மழுக்கி வைத்தவன் நான். பால் ஜாயின்டைக் கழற்றும் முன் இரு மூட்டின் மையத்துக்கும் இடையிலான நீளத்தை அளந்து எழுதுங்கள். புதியதை மாட்டும்போது இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு மரை உள்ளே போகட்டும், அப்போதுதான் ராடைத் திருகி லிவர் உயரத்தை ஏற்றி இறக்க முடியும். கிரீஸ் வைத்து ரப்பர் மூடியையும் மாட்டுங்கள், கிழிந்த மூடி வழியாகப் போகும் மண்தான் ஜாயின்டைத் தின்கிறது.

இப்போது ஸ்ப்ளைன். குட்டைக் கையில் (ராடு இல்லாத வண்டியில் லிவரின் ஷாஃப்ட் முனையில்) ஒரு வெட்டு இருக்கும், போல்ட்டை முறுக்கும்போது அந்த வெட்டு நெருங்கித்தான் ஷாஃப்டைக் கவ்வுகிறது. பல் தேய்ந்த கையில் வெட்டின் இரு முகமும் ஒன்றோடொன்று முட்டிவிடும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. ஹாக்ஸா பிளேடால் வெட்டைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் தற்காலிகமாக ஓடும், ஆனால் கையை மாற்றுவதுதான் சரி. ஷாஃப்டோடு சேர்த்து வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்: சூட்டில் ஆயில் சீல் போகும், பிறகு கையைக் கழற்றவே முடியாது.

மாட்டும்போது கோட்டோடு கோடு சேருங்கள், ராடும் குட்டைக் கையும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்கட்டும். லாக் நட்டுகளை இறுக்கிவிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கையால் சுழற்றிக்கொண்டே எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஆட்டம் துளியும் இல்லாமல் இன்னும் கியர் தவறினால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள், கியர்பாக்ஸைத் திறப்பது அதற்கும் அப்புறம்.