பிக்கயூனைக் கவிழ்த்தது இணையமா, நிர்வாகமா?

நடுவர் அவர்களே, வணக்கம். ‘நகரப் பத்திரிகையைச் சாய்த்தது இணையமா, நிர்வாகமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரணி நண்பர் வந்து செல்போனைத் திட்டித் தீர்த்துவிட்டு உட்கார்ந்தார், அதுவும் குறிப்பை செல்போனில் பார்த்துப் பார்த்து. நிர்வாகம்தான் என்பது எங்கள் கட்சி. ஊர் ஊராக அலையாமல் ஒரே ஒரு பத்திரிகையை வைத்துப் பேசுகிறேன்: அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ‘டைம்ஸ்-பிக்கயூன்’.

1837இல் பிறந்த பத்திரிகை. 1876இல் உரிமையாளர் இறந்தபோது மிஞ்சியது கடன்தான். அவர் மனைவி எலைசா ஜேன், விற்றுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. பெண்களுக்கு, குழந்தைகளுக்கு என்று பக்கங்கள் ஒதுக்கி, ஊர் வம்பையும் சேர்த்துப் போட்டு, பத்திரிகையைத் தூக்கி நிறுத்தினார். அதுவும் நிர்வாகம்தான் ஐயா!

இனி 2005க்கு வருவோம். வெள்ளம் ஊரை விழுங்கும் என்று 2002லேயே தொடர் கட்டுரை எழுதி எச்சரித்த பத்திரிகை இது. கத்ரீனா புயல் வந்து, மறுநாள் காலை அலுவலகத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறியபோது, பத்திரிகைக் கட்டு ஏற்றும் லாரிகளின் பின்னால் ஏறித்தான் ஊழியர்கள் வெளியே வந்தார்கள், அதிலும் சிலர் செய்தி எடுக்க வெள்ளத்துக்குள்ளேயே திரும்பிப் போனார்கள். மூன்று நாள் அச்சு இல்லை. அந்த மூன்று நாளும் பத்திரிகை எதில் வந்தது? எதிரணி கொலைகாரன் என்கிற அதே இணையத்தில்! பிறகு ஹூமா என்ற பக்கத்து ஊர் அச்சகத்தில் அடித்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம், அமெரிக்கப் பத்திரிகையுலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசு இரண்டு.

சரி, வரி விளம்பரம் இணையத்துக்குப் போனது உண்மை, புயலுக்குப் பிறகு ஊரில் ஆள் குறைந்ததும் உண்மை. வருமானம் இறங்கியதை நான் மறுக்கவே இல்லை. இறங்கிய வருமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் வழக்கே.

2012 மே மாதம். பத்திரிகைக்குச் சொந்தக்காரரான, நியூயார்க்கில் இருந்த நியூஹவுஸ் குடும்பத்து நிறுவனம், இனி வாரத்துக்கு மூன்றே நாள் அச்சு என்று முடிவெடுத்தது. வேலை செய்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது தெரியுமா? ‘நியூயார்க் டைம்ஸ்’ இணையதளத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்! ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவர்களுக்கு அவர்கள் வீட்டுச் செய்தியை அடுத்த ஊர்க்காரன் சொல்ல வேண்டியிருந்தது. சுமார் 200 பேருக்கு வேலை போனது. வீட்டு வாசலில் பலகை நட்டு, டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டு, ‘எங்கள் பேப்பரைக் காப்பாற்று’ என்று ஊரே நின்றது. படிக்க ஆள் இல்லாத பேப்பருக்கு எந்த ஊரிலாவது இப்படி நிற்பார்களா?

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எதிரணி கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேட்டன் ரூஜ் நகரத்து ‘அட்வகேட்’ பத்திரிகை அந்த இலையுதிர் காலத்திலேயே உள்ளே வந்து, நியூ ஆர்லியன்ஸுக்கென்றே தினசரிப் பதிப்பு போட்டது. தினசரி, காகிதத்தில்! 2013இல் பிக்கயூன் நிர்வாகம் அவசர அவசரமாக, விட்டுப்போன நாட்களில் கடைகளில் விற்க ஒரு சின்ன சைஸ் பேப்பரைக் கொண்டுவந்தது. இணையம்தான் எதிர்காலம் என்று சொல்லி ஒரு வருடம்கூட நன்றாக முடியவில்லை. ஆனால் கைவிட்ட வாசகர் திரும்பி வருவாரா?

2019இல் அதே ‘அட்வகேட்’ உரிமையாளர் ஜான் ஜார்ஜஸ் பிக்கயூனையே வாங்கினார். அப்போது வேலை இழந்தவர்கள் 161 பேர். இன்று இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டு ஒரே பத்திரிகையாக, தினமும் வருகிறது.

எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்து வரும்போது எனக்கு இது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அதே ஊர், அதே வாசகர், அதே இணையம், ஒருவர் மூன்று நாளாகக் குறைத்த இடத்தில் இன்னொருவர் ஏழு நாளும் விற்றாரே, அது எப்படி?