ஒன்றரை விநாடி

நேயர்களுக்கு வணக்கம்.

சேற்று வயலில் டிராக்டர் புதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுகிறவர் வேகத்தைக் கூட்டிப் பார்க்கிறார், பின் சக்கரம் அசையவில்லை. உடனே ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து, பின் சக்கரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி, மறுபடியும் கியரைப் போட்டுக் கிளட்சை விடுகிறார். இப்போது என்ஜினின் விசை எங்கே போகும்? சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், ஆக்ஸிலைச் சுற்றி வண்டியே சுற்றும். முன் சக்கரங்கள் எழும்பும். ஒன்றரை விநாடிக்குள் டிராக்டர் மல்லாந்து, ஓட்டியவர் அடியில் இருப்பார்.

அந்த ஒன்றரை விநாடியிலும் முதல் பாதிக்குள் கிளட்சை மிதித்தால்தான் வண்டி திரும்பக் கீழே இறங்கும். முன்பக்கம் தூக்குகிறது என்று மனதில் பட்டு, கால் அசைவதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடும். அதனால்தான், “கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாமே” என்று செத்தவர்மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை.

ஓட்டுகிறவரின் கவனத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, வண்டியைச் செய்கிறவர் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் போட்ட முதல் நாடு ஸ்வீடன். 1959 முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு புது டிராக்டரிலும், கவிழ்ந்தாலும் ஆளை நசுக்காத உறுதியான கூண்டு இருக்க வேண்டும் என்றார்கள். கூண்டு இருந்தால் மட்டும் போதாது, அது சோதனையில் தேறியிருக்கவும் வேண்டும்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிராக்டரைத் தரையோடு இரும்பு வடத்தால் இழுத்துக் கட்டுகிறார்கள். மேலே சங்கிலியில் 2,000 கிலோ எடையுள்ள இரும்புப் பாளம் தொங்குகிறது. அதைப் பின்னால் இழுத்துச் சென்று, ஊஞ்சலை விடுவதுபோல விடுகிறார்கள். பின்னாலிருந்து ஒரு இடி, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. டிராக்டரின் எடை கூடக்கூடப் பாளத்தை உயர்த்தும் அளவும் கூடும். நடுநடுவே, வண்டியின் எடையைப் போல இரண்டு மடங்கு பாரத்தால் கூண்டை மேலிருந்து அழுத்துகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் எந்தக் குழாயும் நுழைந்திருக்கக் கூடாது.

கூண்டு வளையவே கூடாது என்று யாரும் கேட்பதில்லை. வளைந்துதான் அது இடியை வாங்கிக்கொள்கிறது. உடையக் கூடாது, அவ்வளவுதான். குளிர் நாடுகளில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண இரும்பு கடுங்குளிரில் கண்ணாடிபோல முறியும். அதனால் கூண்டுக்குப் போகும் இரும்பின் துண்டை உறைநிலைக்கும் 20 டிகிரி கீழே குளிரவைத்து, சம்மட்டி போன்ற ஒரு கருவியால் அடித்துத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். போல்ட்டுகளுக்கும் தரக் கணக்கு உண்டு. கண்ட போல்ட்டை மாட்ட முடியாது.

ஸ்வீடனில் பிற்பாடு பழைய டிராக்டர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள். டிராக்டர் கவிழ்ந்து சாவது அங்கே கிட்டத்தட்ட நின்றே போனது. பிரிட்டன் 1970-இல் புது டிராக்டர்களுக்கு இதே விதியைக் கொண்டுவந்தது. அங்கே ஒரு புதுத் தொல்லை முளைத்தது. தகரக் கூண்டுக்குள் என்ஜின் சத்தம் முரசுபோல அதிர, உயிர் தப்பியது, காது போனது. சரி என்று 1976-இல், ஓட்டுபவரின் காதருகே சத்தம் 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தார்கள். ரப்பர் தாங்கிமேல் உட்கார்ந்த, சத்தம் அடக்கிய கேபின்கள் அப்படித்தான் பரவின.

இப்படி, செய்த கம்பெனியைச் சேராத வெளியாள் டிராக்டரைச் சோதிக்கும் வழக்கத்துக்கு ஒரு விவசாயியின் வயிற்றெரிச்சலும் காரணம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மோட் குரோஸியர் என்று ஒருவர். ஃபோர்டு என்ற பெயரை நம்பி ஒரு டிராக்டர் வாங்கினார். அது ஹென்றி ஃபோர்டின் வண்டியே இல்லை. மினியாபோலிஸில் வேறொரு கம்பெனி அந்தப் பெயரை வைத்து விற்றது. ஓயாமல் பழுது. அவர் சட்டமன்ற உறுப்பினராகப் போனதும் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சோதிக்காத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது, உதிரிபாகமும் மாநிலத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்று 1919-இல் சட்டம் வந்தது. 1920-இல் வாட்டர்லூ பாய் என்ற டிராக்டர்தான் முதல் சோதனையை முடித்தது. இத்தனை குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் வாய்க்கு வந்ததை எழுதுவது அதோடு குறைந்தது.

தயாரிப்பாளர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். ஜான் டீர் நிறுவனம் 1966-இல் அந்தக் கூண்டின் வேலையையே செய்யும், கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் கம்பியை விற்பனைக்குக் கொண்டுவந்து, பிற்பாடு அதன் காப்புரிமையைப் போட்டி நிறுவனங்களுக்கும் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தது. எத்தனை உயிர் அதனால் பிழைத்திருக்கும் என்று நினைத்தால் மனசு நிறைகிறது. ஆனாலும் அமெரிக்காவில் பழைய டிராக்டர்கள் கம்பியில்லாமல் இன்னமும் ஓடுகின்றன, கவிழ்ந்து சாகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

அப்புறம், நம்மூர் நேயர்களுக்கு ஒன்று. வெயிலுக்காக டிராக்டர்மேல் போடும் கூரையை இந்தக் கூண்டு என்று நம்பிவிடாதீர்கள். அது வெயிலை மட்டும்தான் தாங்கும். பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் வைத்த கம்பியும் அப்படித்தான், முதல் இடியிலேயே பற்றவைத்த இடம் விட்டுவிடும். சோதித்த கம்பியில் யார் செய்தது, எந்த டிராக்டருக்கு என்று ஒரு தகடு இருக்கும், தேடிப் பாருங்கள். கம்பி நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள், இல்லையென்றால் வண்டி கவிழும்போது வெளியே விழுந்து அதே கம்பிக்கு அடியில் சிக்கலாம். தோப்புக்குள் கிளை தட்டுகிறது என்று கம்பியை மடக்கி ஓட்டும்போது மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். தோப்பை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கம்பியை நிமிர்த்தி, அது மடியாமல் பிடிக்கும் ஆணியைச் செருகுங்கள்.

வணக்கம்.