வேலைக்கு முன்னால் ஒரு வீடு

வணக்கம். சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்று பேசுகிறேன். இங்கே இரவில் படுத்திருப்பவர்கள் யாருடைய முகத்தையும் இந்தக் காணொளியில் காட்டப் போவதில்லை. உறங்குகிற ஒருவரிடம் சம்மதம் கேட்க முடியாது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: வீடற்றவர்களுக்கு உதவுவதை, அவர்களுக்கு ஒரு வீடு கொடுப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

"உழைத்தால் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக்கொள்ளலாமே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். லீ பஜாரில் மூட்டை சுமப்பவர்களிலும், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுபவர்களிலும் சாலையோரம் படுப்பவர்கள் இருக்கிறார்கள். விடிய விடியக் கொசுக்கடியிலும் பேருந்து இரைச்சலிலும் கிடந்தவர், குளிக்க இடமின்றி, மாற்றுத் துணி வைத்திருக்கும் பையை யாரிடம் விட்டுச் செல்வதென்று தெரியாமல், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை வாசலில் போய் நின்றால், "எங்கே தங்கியிருக்கிறாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வெள்ளியை நம்பிக் கொடுக்க வேண்டிய முதலாளி அப்படிக் கேட்பதில் தவறில்லை. சொல்வதற்கு ஒரு கதவு எண் இல்லாதவருக்கு மறுநாளும் தினக்கூலிதான், அதுவும் கிடைத்தால்.

பின்லாந்து நாட்டில் இந்த வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்று சொல்வதை விட்டுவிட்டு, 2008 முதல் நிபந்தனையின்றி முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு வீட்டைக் கொடுத்து, சிகிச்சையையும் வேலையையும் அதன் பின்னால் கொண்டுவந்தார்கள். ஹெல்சிங்கியில் 250 படுக்கைகள் கொண்ட ஒரு பெரிய இரவுக் காப்பகம் 81 தனித்தனி வீடுகளாக மாற்றிக் கட்டப்பட்டது. 1987இல் 17 ஆயிரத்தைத் தாண்டியிருந்த வீடற்றோர் எண்ணிக்கை, 2022இல் 4 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. பணக்கார நாடு என்று சொல்லி இதை ஒதுக்கிவிட வேண்டாம். அவர்களுடைய பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் எதை முதலில் செய்வது என்ற முடிவை எடுக்க நம்மாலும் முடியும்.

நம் நாட்டில் வழிகாட்டுதல்கள் இல்லாமல் இல்லை. ஒரு லட்சம் நகர மக்களுக்கு, நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம் ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்பது 2010இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அளவுகோல். 2011 கணக்கெடுப்பிலேயே எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்ட சேலம் மாநகராட்சிக்கு, அந்தக் கணக்கில் எட்டுக் காப்பகங்களாவது வேண்டும். காப்பகம் அவசியம்தான், ஆனால் அது நடுவழியில் ஒரு நிறுத்தம். அங்கிருந்து ஒரு வாடகை அறைக்குப் போவதற்கு இடையில் இருக்கும் பள்ளத்தில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள்: அட்வான்ஸ் தொகை, ஜாமீன் சொல்ல ஓர் ஆள், ஆதார் அட்டை, "தனி ஆளுக்கு வீடு கிடையாது" என்ற பதில். இவற்றில் அட்வான்ஸும் ஜாமீனும் ஊர் சேர்ந்து சுமக்கக்கூடியவை. ஒரு வணிகர் சங்கமோ, கோயில் அறக்கட்டளையோ, குடியிருப்போர் நலச் சங்கமோ சுழல்நிதி ஒன்றை வைத்து முன்பணத்தை வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கட்டிவிட்டு, வேலை கிடைத்தபின் தவணையில் திரும்பப் பெறலாம்.

அடையாள அட்டைக்கும் வழி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழ் ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஏற்கப்படுகிறது. வாக்காளர் பட்டியலில் சேர, வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நேரில் வந்து, வீடற்றவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதி செய்தால் வேறு முகவரிச் சான்று தேவையில்லை. நடைபாதையில் கிடப்பவரையும் இந்தக் குடியரசு குடிமகனாகத் தேடி வர வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிற இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். இதை அவர்களிடம் போய்ச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

ஏற்காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்வாகமே வீடு தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேலை முடிந்த அன்று தோட்டத்தில் கொடுத்த லைன் வீடும் முடிகிறது. காப்பித் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர் முதுமையில் மலையிறங்கும்போது அவருக்கென்று ஓர் ஓட்டு வீடுகூட இல்லாமல் போகலாம். வீட்டை வேலையோடு கட்டிப்போட்டால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும் என்பதால்தான், ஓய்வுக்கு முன்பே அவர்களுக்கு மனைப்பட்டா வழங்க வேண்டும் என்கிறேன்.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சாவி மட்டும் போதாது. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட பேனியன் அமைப்பு, நீண்டகாலம் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களைச் சிறு குழுக்களாக ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் குடியமர்த்தி, துணைக்குப் பணியாளரையும் வைக்கிறது. அவர்களில் சமைப்பவர்களும், கடைக்குப் போகிறவர்களும், வேலைக்குச் செல்பவர்களும் இருக்கிறார்கள். சேலத்திலும் இது வர வேண்டும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறேன். பேருந்து நிலையம், ஜங்ஷன், அரசு மருத்துவமனை ஆகிய மூன்று இடங்களிலும் இரவுநேரக் கணக்கெடுப்பு நடத்தி, அங்கேயே ஆதார் முகாமும் அமைக்க வேண்டும் என்பது கோரிக்கை. அம்மாப்பேட்டை, குகை பகுதிகளில் காலியாக ஒரு போர்ஷன் வைத்திருப்பவர்கள், ஓர் அமைப்பு ஜாமீன் நின்றால் வாடகைக்குக் கொடுக்கச் சம்மதமா என்று எனக்கு எழுதுங்கள். அந்த விருப்பங்களையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.