பிள்ளைக்கு மாதவிடாய் முறையாக வரவில்லையா? முதலில் நாளை எண்ணுங்கள்

[காட்சி: மாதக் காலண்டர். மார்ச் 3, ஏப்ரல் 12 தேதிகளில் சிவப்பு வட்டம்.]

குரல்: மார்ச் 3-ஆம் தேதி வந்தது. ஏப்ரல் 3-இல் வரவில்லை, 12-இல்தான் வந்தது. "ஒன்பது நாள் தள்ளிப் போச்சே" என்று அம்மாவுக்குப் பதற்றம். பிள்ளைக்கு வயது 13. வயசுக்கு வந்து ஒன்றரை வருடம்.

மக்களே, இதில் பதற ஒன்றுமில்லை. மாதாமாதம் அதே தேதியில் வந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கணக்கும் கிடையாது. ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாள் வரை எண்ணுங்கள். இங்கே 40 நாள். வயசுக்கு வந்த முதல் வருடம் முன்னே பின்னேதான் இருக்கும். அதன்பின் மூன்றாம் வருடம் முடியும்வரை 21 முதல் 45 நாள் இடைவெளி சரி. மூன்று வருடம் கடந்தபின் 21 முதல் 35.

[காட்சி: மூளையிலிருந்து சினைப்பைக்கு அம்புக்குறி. கீழே கருப்பை.]

குரல்: ஏன் இப்படி? மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் ஹார்மோன் மூலம் சினைப்பையை இயக்குகின்றன. அது ஒழுங்குக்கு வரச் சில வருடம் ஆகும். அதுவரை பல மாதங்களில் கருமுட்டை வெளியேறாது. முட்டை வெளியேறினால்தான் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்கும். கருப்பையின் உள்சவ்வை நிலையாக வைத்து, நேரம் வந்ததும் ஒரேயடியாகக் கழன்று வரச் செய்வது அதுதான். அது இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். இரண்டு மாதம் ஒன்றும் வராது; அப்புறம் வந்தால் பத்து நாள் நிற்காது.

நம் வீடுகளில் தவறவிடுவது இந்தப் பத்து நாளைத்தான். தள்ளிப் போனால் ஊரெல்லாம் மருந்து கேட்கிறோம். ரத்தம் அதிகம் போனால் "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று அம்மையும் அம்மச்சியும் முடித்துவிடுகிறார்கள். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பேட் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ அதைச் சாதாரணம் என்று விட முடியாது. முதல் மாதவிடாயிலிருந்தே கொட்டுகிற பிள்ளைகளில் சிலருக்கு ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கும். குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா என்று டாக்டர் கேட்பது அதனால்தான்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? யாருக்கும் தெரியாமல் பச்சரிசியோ சிலேட்டுக் குச்சியோ தின்கிறாளா? ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் அதிகம். விழுங்கியதும் டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

[காட்சி: மெடிக்கல் ஷாப். கவுண்டரில் மாத்திரை அட்டை.]

குரல்: மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக்கொடைத் திருவிழா நெருங்கினாலோ, வீட்டில் கல்யாணம் வந்தாலோ, தேதியைத் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை கேட்பது நமக்குப் புதிதல்ல. பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும், அதோடு அடுத்த கணக்கும் நகரும். பிறகு "முறையா வரல" என்று பயப்படுவதும் நாம்தான். அம்மனைப் பார்க்க இருமுடி சுமந்து போக ஆசைப்படுவதை நான் குறை சொல்லவில்லை. டாக்டரைக் கேட்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பிசிஓடி, சிலர் பிசிஓஎஸ் என்பார்கள்; ஹார்மோன் மாறுபாட்டால் சினைப்பை சரியாக வேலை செய்யாத கோளாறு. "ஸ்கேன்ல நீர்க்கட்டி இருக்காம்" என்று கண்ணீரோடு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பதின்வயதில் சினைப்பையில் நிறையச் சிறு முட்டைப் பைகள் தெரிவது இயல்பு. வயசுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்யக் கூடாது என்பதே சர்வதேச வழிகாட்டுதல். பிசிஓஎஸ் என்று சொல்ல, இடைவெளி தாறுமாறாக இருப்பதோடு, ஆண் ஹார்மோன் கூடியிருக்க வேண்டும்; தாடையில் முடி, அடங்காத முகப்பரு, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் அது தெரியும். கழுத்தில் கருமை படிந்திருந்தால் சர்க்கரையையும் பார்ப்பார்கள். கல்யாணம் செய்து வைத்தால் இது சரியாகாது.

தைராய்டு கோளாறு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடுவது, திடீர் எடைக் குறைவு, சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு நீட் கோச்சிங்கில் விழுந்து கிடப்பது, எல்லாமே தேதியைக் கலைக்கும்.

[காட்சி: நோட்டில் தேதி எழுதும் கை.]

குரல்: முதல் வருடத்துக்குப் பிறகு ஒருமுறையாவது 90 நாள் தாண்டினாலோ, 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ, 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலோ டாக்டரிடம் போங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தேதி எழுதிய நோட்டைக் கொண்டுபோங்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள். அது வழக்கமானது, பிள்ளைமேல் சந்தேகம் இல்லை. டாக்டர் இரண்டு நிமிடம் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால், அம்மாமாரே, கோபப்படாமல் வெளியே உட்காருங்கள்.